ஊளையன் வந்தால்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. பிஷ்கெக்கில், ஓர் ஆய்வுக்கூடத்தின் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம் நான் கேட்டேன்: இந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன எழுதட்டும்? ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். அந்தப் பதில்களுக்கு நடுவே ஒரு மனிதரின் உயிர் மாட்டிக்கொண்டிருந்தது.

வாரப் பத்திரிகைக்குத் தொடர் எழுதிப் பழகிய கை எனக்கு. முதல் பத்தியிலேயே ஓர் உயிராவது ஊசலாட வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் பக்கத்தைப் புரட்டிச் சமையல் குறிப்புக்குப் போய்விடுவார். அதனால் ஊசலாட விட்டிருக்கிறேன். [பொய்யில்லை. அவசரம்தான். அந்த மனிதர் வருவதற்கு இன்னும் ஒரு பகுதி பொறுக்க வேண்டும்.]

தொடக்கங்கள் எழுதி எழுதி அடித்தேன். அடித்ததையும் விட்டுவைக்கிறேன், பாருங்கள்.

"மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த மீரிமின் ரத்தம் உறைந்து—" கூடாது. அவள் தினமும் அதில்தான் கண்ணை வைக்கிறாள். அதற்கெல்லாம் ரத்தம் உறைந்தால் மாசக் கடைசிவரை தாங்காது.

"அறிவியல் என்பது யாதெனில்—" எழுதும்போதே கொட்டாவி வந்தது.

"கிர்கிஸ் மேய்ப்பர்கள் மந்தை பக்கத்தில் இருக்கும்போது ஓநாயை அதன் பெயரால் சொல்ல மாட்டார்கள்."

இது நிற்கிறது. இதிலிருந்து போகலாம்.

2

கிர்கிஸ் மேய்ப்பர்கள் மந்தை பக்கத்தில் இருக்கும்போது ஓநாயை அதன் பெயரால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடும். "ஊளையன்" என்பார்கள். நாம் இருட்டிய பிறகு பாம்பைப் பூச்சி என்கிறோமே, அதே கணக்கு.

மீரிம் வேலை பார்க்கும் கூடத்தில் ஆடும் இல்லை, குதிரையும் இல்லை. அங்கே வளர்வது செல்கள் மட்டும். ஆனால் வளர்ப்பவர்களின் அப்பாவோ சித்தப்பாவோ மலையில் மேய்த்தவர்கள். அதனால் ஊளையனும் கூடவே வந்து சேர்ந்துவிட்டான். சோதனையில் எது நடக்கக் கூடாதோ அதற்குப் பெயர் ஊளையன். "போன வாரம் ஊளையன் வந்துட்டான்" என்றால் வேலை வீண் என்று அர்த்தம். நான் இந்த ஊருக்கு வந்து நெடுநாள் ஆகிறது. எனக்கே அது வேடிக்கையாகப் படுவது நின்றுவிட்டது.

மீரிம் எங்கள் மேல் வீட்டுக்காரி. செல் உயிரியல் ஆராய்ச்சியாளர். அவர்கள் கூடத்து ஆங்கிலத்தை நான் திருத்திக் கொடுப்பேன். கைம்மாறாக அவள் என் தொடர்களைக் குறை சொல்வாள். தமிழ் படிக்கத் தெரியாதென்பது அவளுக்கு ஒரு தடையே இல்லை. கதையை வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் குறை சொல்வாள்.

"முடிவை மொதல்லயே வச்சுக்கிட்டு அதுக்கு ரோடு போடுற. எங்க கூடத்துல இப்படிப் பண்ணினா வேலையை விட்டே தூக்கிருவாங்க, குர்பு."

[குர்பு என்றால் சம வயதுத் தோழி. அவள் திட்டும்போது மட்டும் அப்படிக் கூப்பிடுவாள்.]

எங்கள் தொழிலில் அப்படிப் பண்ணாவிட்டால்தான் தூக்குவார்கள் என்றேன்.

மீரிமைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். பெயர் சொல்லாமல் பேசுவதில் அவள் கைதேர்ந்தவள். இங்கே மருமகளாகப் போன பெண் கணவன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை உச்சரிப்பதில்லை. கணவன் பெயரை ஜாடையாலேயே சொல்லி முடித்த பெண்கள் நம்மிடமும் இருந்ததால் இதற்கு மேல் விளக்கவில்லை. மீரிமின் மச்சாண்டார், அதாவது கணவனின் அண்ணன், பெயர் தெமிர். [நான் சொல்லலாம். எனக்கு அவர் மச்சாண்டார் இல்லை.] தெமிர் என்றால் இரும்பு. ஆக, டாக்டர் பட்டம் வாங்கிய மீரிம் இரும்பைக் "கறுப்பு" என்றும், இரும்புப் பாதை என்று இங்கே பெயருள்ள ரயிலை "நீள வண்டி" என்றும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கூடத்தில் அவளோடு வேலை பார்க்கும் எர்மெக் இதை வைத்தே காலம் தள்ளினான். தனிம அட்டவணையில் இரும்பின் எண் இருபத்தாறு.

"தனிம அட்டவணையில இருபத்தாறாம் நம்பரைக் காணோம்னு தேடுறாங்களாம். மீரிம் முழுங்கிட்டான்னு எழுதிப் போட்டுரவா?"

3

தெமிருக்கு சூசாமிர் பக்கம் ஊர். கோடை வந்தால் குதிரைகளை ஓட்டிக்கொண்டு ஜைலோவுக்கு, அதாவது மேல் மலைப் புல்வெளிக்கு, ஏறிவிடுவார். பனி விழும்வரை இறங்க மாட்டார். போன இலையுதிர் காலத்தில் இருமல் விடவில்லை என்று பிஷ்கெக்குக்குக் கூட்டிவந்தார்கள். நுரையீரலில் நீர்க்கட்டி. நாயின் வயிற்றுப் புழு முட்டையிலிருந்து வருவது. மேய்ப்பர் குடும்பங்களில் அதைக் கேட்டு யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. வெட்டி எடுத்தால் தீர்ந்தது.

வெட்டுவதற்கு முன் செய்த பரிசோதனைகளில் இரண்டாவது ஒன்று தெரிந்தது. அது வெட்டித் தீர்வதில்லை. நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயின் சுவர் தடித்திருந்தது. குழாய் இறுகினால் இதயம் முட்டி முட்டித் தள்ள வேண்டும். இதயத்தின் வலப்பக்கம் ஏற்கெனவே வீங்கியிருந்தது. ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் சிலருக்கு இப்படி ஆகும். அதே உயரத்தில் அதே தேநீரைக் குடிக்கும் பக்கத்துக் கூடாரத்துக்காரருக்கு ஆகாது.

இதய மருத்துவர் ரஷ்ய மொழியில், நாசூக்காக, உயரமான இடங்களில் தங்குவதைத் தாம் பரிந்துரைக்கவில்லை என்றார். தெமிர் அதை நுணுக்கமாகப் பரிசீலித்தார். பரிந்துரைக்கவில்லை, அவ்வளவுதானே. தடுக்கவில்லையே.

கட்டியோடு வெட்டி எடுத்த துண்டு, அவருடைய சம்மதக் கையெழுத்தோடு, மீரிமின் கூடத்துக்கு வந்தது. துண்டிலிருந்த ரத்தக்குழாயின் சுவரிலிருந்து தசைச் செல்களைப் பிரித்துத் தட்டில் வளர்த்தாள். குழாய்களில் என்ன பெயர் எழுதுவது? "பெரியவர்" என்று எழுதினாள்.

உடம்பிலிருந்து நேராக எடுத்த செல்கள் சாகாவரம் பெற்றவை அல்ல. சில தடவை பெருகும். பிறகு மூப்படைந்து குணம் மாறிவிடும். பெரியவரின் செல்கள் ஒரே ஒரு நல்ல சோதனைக்குக் காணும். மோசமாகத் திட்டமிட்டால் அதற்கும் காணாது. இன்னொரு துண்டு கேட்டு அவர் நெஞ்சைத் திறக்கவும் முடியாது.

இதற்கிடையில் தெமிர் ஊரெல்லாம் ஒன்றைச் சொல்லிவிட்டார். மீரிமின் சோதனை முடியட்டும். அது என்ன சொல்கிறதோ அதைக் கேட்டுக்கொண்டு ஜைலோவுக்கு ஏறுகிறேன். "ஏறுவேனா மாட்டேனா" என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். குடும்பத்துக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. அவரிடம் "போகாதீர்கள்" என்று சொல்லும் வேலை யாருக்கும் இல்லாமல் போனதல்லவா? தம்பி, தம்பி மனைவி, எல்லோரும் "பார்க்கலாம்" என்றார்கள். தம்பி மனைவி என்றால் மீரிம்தான். அவளும் அப்படித்தான் சொன்னாள். மேற்கொண்டு ஒரு வாக்கும் கொடுத்தாள்: அவர் செல்கள் பெருகுவதை நாள்தோறும் படமெடுத்து, ஓடும் படமாகக் காட்டுகிறேன் என்று.

பனி உருகிக்கொண்டிருந்தது.

4

கருதுகோள் என்ற சொல்லைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். அது ஒரு பந்தயம். ஆனால் எந்த நிலையில் தோற்றோம் என்று ஒப்புக்கொள்வோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கட்டும் பந்தயம்.

மீரிமின் பந்தயம் இது. தசைச் செல்லின் மேலுறையில் கால்சியம் நுழைகிற ஒரு கதவு இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் அந்தக் கதவு மூடாமல் கிடக்கிறது. கதவு கிடக்கும் கிடப்பில் செல் "பெருகு" என்ற உத்தரவாக அதை எடுத்துக்கொள்கிறது. பெருகப் பெருகச் சுவர் தடிக்கிறது. இது உண்மையானால், கதவை ஒரு மருந்தால் அடைத்துவிட்டால், ஆக்சிஜன் குறைவான தட்டிலும் செல் பெருகக் கூடாது.

எனக்கும் ஒரு கருதுகோள் இருந்தது. மீரிம் ஜெயிப்பாள், தெமிர் பிழைப்பார், எர்மெக் தோற்பான். முதல் பிரதியை அப்படித்தான் ஆரம்பித்தேன்.

"எர்மெக்கின் உதட்டோரம் குரூரமான ஒரு புன்னகை நெளி—"

நெளியவில்லை. எர்மெக் உண்மையில் எப்படிப்பட்டவன் என்றால், மனைவி பொரித்துக் கொடுத்த போர்சோக் என்ற மாவுப் பண்டத்தை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, தனக்கு மிச்சம் இல்லையே என்று முணுமுணுப்பவன். மீரிமின் மருந்துக் கணக்கைச் சரிபார்க்கத் தன் விடுமுறையை விட்டுக்கொடுத்தான். அவனுக்கு ஒரு பழைய பகை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. திருட்டுத்தனமாக மருந்தை மாற்றி வைக்கச் செய்தேன். அவன் என் பேனாவைப் பார்த்துச் சிரித்தான்.

இரண்டு நாள் தவித்த பிறகுதான் பிடிபட்டது. இந்தக் கதையில் வில்லன் வேண்டியதில்லை. எல்லோரும் மீரிம்மேல் பிரியமாக இருக்கிறார்கள். ஆபத்து அதிலேயே இருக்கிறது.

5

திட்டக் கூட்டம். மேசைத் தலைமாட்டில் கூடத்தின் தலைவி ஜிபார்குல் எஜே. [எஜே என்றால் அக்கா. தலைவியானாலும் அக்காதான்.] பலகையில் மீரிமின் கையெழுத்து. நான்கு வகைத் தட்டுகள்: சாதாரணக் காற்று, சாதாரணக் காற்றில் மருந்து, ஆக்சிஜன் குறைந்த காற்று, ஆக்சிஜன் குறைந்த காற்றில் மருந்து. குறித்த நாளில் எல்லாவற்றிலும் செல்லை எண்ண வேண்டும். நான்காவதில் எண்ணிக்கை குறைந்திருந்தால் மீரிம் சொன்னது சரி. தனியாக ஒரு வரிசை தட்டு, படமெடுப்பதற்கு. அடியில் கடைசி வரி:

ஊளையன் வந்தால் நிறுத்து.

எல்லோரும் தலையாட்டினார்கள். எர்மெக் தலையாட்டினான், எஜே தலையாட்டினார். தேநீர் ஒரு சுற்று முடிந்திருந்தது. நான் மடிக்கணினியில் ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டே வந்து அந்தக் கடைசி வரியில் நின்றேன்.

"ஊளையனுக்கு இங்கிலீஷ்ல என்ன போட?" என்றேன்.

"ஓநாய்னு போடு. படிக்கிறவன் பயப்படட்டும்," என்றான் எர்மெக்.

"நெஜமாத்தான் கேக்குறேன். இந்த எடத்துல ஊளையன்னா எது?"

மீரிமும் எர்மெக்கும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"மருந்து போட்டும் செல் பெருகிக்கிட்டே இருக்கறது," என்றாள் மீரிம்.

"மருந்துல செல் செத்துப்போறது," என்றான் எர்மெக்.

ஜிபார்குல் எஜே கோப்பையைக் கீழே வைத்தார். "நான் பூஞ்சைக்காளான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். தட்டுக்குள்ள பூந்துருமே, அது."

முதலில் சிரித்தார்கள். மூன்று பேரும், வாய்விட்டு. மீரிம்தான் முதலில் நிறுத்தினாள்.

"எர்மெக். உன் ஊளையன் வந்தா எண்ணிக்கை என்ன ஆகும்?"

"கொறையும்."

"நான் சொன்னது சரியா இருந்தா?"

அவன் பலகையைப் பார்த்தான். "கொறையும்," என்றான்.

[இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ஓடிவிட்டால் கதையே போய்விடும். காலையில் பட்டிக்கு வந்து தலைகளை எண்ணுகிறீர்கள். ஆடுகள் குறைவாக இருக்கின்றன. இந்த வருஷம் குட்டி ஈனவில்லை என்பதாலா? ஓநாய் அடித்துப் போட்டதாலா? தலையை மட்டும் எண்ணுகிறவருக்கு இரண்டும் ஒரே எண்தான். மருந்து கதவை அடைத்துப் பெருக்கத்தை நிறுத்தினாலும் நான்காவது தட்டில் செல் குறையும். மருந்து வெறும் விஷமாக இருந்து கொன்றுபோட்டாலும் குறையும். பலகையிலிருந்த திட்டம் இரண்டையும் வெற்றி என்றே எழுதிக்கொண்டிருக்கும். ஓநாய் மந்தைக்குள் வந்து போன பிறகு நாம் கைதட்டிக்கொண்டிருப்போம்.]

எர்மெக் தன் பங்குக்கு ஏதோ முனகினான். மருந்து அதிகமானால் கொல்லும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, சொல்லவா வேண்டும் என்று இருந்துவிட்டானாம். மீரிம் மனம் நொந்துவிடுவாளோ என்றும் இருந்ததாம். எஜேயும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார். பிரியமான பெண், நல்ல யோசனை, முதல் கூட்டத்திலேயே அபசகுனமாக எதற்கு.

"தெரிஞ்சிருக்கு. சொல்லலை," என்றாள் மீரிம். "நானும்தான். ஒருத்தனுக்கு மூணு பேரு மூணு மொகம் வச்சு, ஒரே பேரைச் சொல்லித் தலையாட்டியிருக்கோம்."

"கெட்டதைச் சொல்லாம நல்லது இல்லேன்னு நம்ம ஜனம் பழமொழி வச்சிருக்கு," என்றார் எஜே. "வச்சுட்டு வாயைப் பொத்திக்கும்."

மீரிம் எழுந்துபோய்க் கடைசி வரியைக் கையாலேயே அழித்தாள். துணி தேடவில்லை. பேனாவை எடுத்து "என் கருதுகோள் தவறு என்றால்" என்று எழுதினாள். அதற்கப்பால் கை நகரவில்லை. மூன்று வருஷம் கட்டிய வீடு. அதன் எந்தக் கல்லை உருவினால் சரியும் என்பதை அவளே எழுத வேண்டும்.

எர்மெக் பேனாவுக்குக் கையை நீட்டினான். "குடு, நான் எழுதறேன். எனக்கு வலிக்காது."

"வேணாம். வலிக்கிறவதான் எழுதணும். இல்லேன்னா பொய்யா எழுதிருவ, எனக்காக."

எழுதினாள். மருந்து கதவை அடைத்தும், செத்த செல்கள் கூடாமல் இருந்தும், தங்கள் டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருகும் செல்கள் குறையாமல் இருந்தால், கதவுக்கும் தடிப்புக்கும் சம்பந்தமில்லை. நான் நினைத்தது தவறு.

கீழே எர்மெக்கின் ஓநாய்க்கு ஒரு வரி. எஜேயின் பூஞ்சைக்கும் ஒன்று. எனக்கு மொழிபெயர்ப்பு சுலபமாகிவிட்டது.

6

பெயர் வைத்தால் தீனியும் போட வேண்டும். செத்தவற்றை மட்டும் நீலமாக்குகிற சாயத்துக்குத் தனித் தட்டுகள். பெருகுகிறவற்றை அடையாளம் காட்டத் தனித் தட்டுகள். மருந்து எந்த அளவுவரை கொல்லாமல் இருக்கிறது என்று பார்க்க, குறைந்த அளவுகளில் சில தட்டுகள். மருந்தைக் கரைத்த திரவம் மட்டும் ஊற்றிய தட்டுகள், திரவமே குற்றவாளியாக இருந்துவிடக் கூடாதே. எண்ணுகிறவருக்கு எது எந்தத் தட்டு என்று தெரியாதபடி மேலே ரகசியக் குறி; குறி போடுவது எஜே, எண்ணுவது எர்மெக். மீரிம் தன் பிள்ளைக்குத் தானே மார்க் போடக் கூடாது.

எல்லாவற்றையும் கூட்டினால் பெரியவரின் செல் போதவில்லை.

எதைக் குறைப்பது? ஒவ்வொரு தட்டிலும் செல்லைக் குறைத்துப் போடலாம் என்றான் எர்மெக். குறைத்தால் செல்கள் ஒன்றையொன்று தொடாமல் வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்று அவனே மறுத்துக்கொண்டான். ஒவ்வொரு வகையிலும் ஒரே தட்டு வைத்துத் திருப்பிச் செய்யாமல் விடலாம். அது சோதனை இல்லை, சோழி உருட்டல். மிச்சம் இருந்தது படமெடுக்கும் வரிசை.

[எங்கள் தொழிலில் இதை நான் செய்ததே இல்லை. தொடரில் ஓவியர் வரைய வசதியாக ஒரு காட்சி இருந்தால், கதைக்கு வேண்டாத காட்சியானாலும் வெட்ட மாட்டேன்.]

"படத்தை விடாத," என்றான் எர்மெக். ஆச்சரியம்தான், படத்துக்காக வாதாடியது அவன். "படம் இருந்தா ஜனங்க நம்புவாங்க."

"நம்பவைக்கப் படம் வேணும். எனக்குத் தெரியணும்."

"அப்போ உன் இருபத்தாறாம் நம்பர் கிட்ட யாரு சொல்றது? ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு."

மீரிம் அந்த வரிசையின்மேல் ஒரு கோடு இழுத்தாள். நேர்கோடாகவே விழுந்தது.

7

இந்தப் பகுதியை எழுதாமல் தப்பிக்கப் பார்த்தேன். "அன்று மாலை மீரிம் தன் மச்சாண்டாரிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள்" என்று ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடலாம். தாண்டியும் பார்த்தேன். அந்த வாக்கியமே ஓர் ஊளையன் என்று தோன்றியது. ஆகவே, சமையலறை.

தெமிர் மருத்துவமனையில் காட்டிக்கொள்ள வந்திருந்தார். அகலமான மனிதர். ஒரு மாடி ஏறிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அதை மறைக்கச் சுவரிலிருந்த காலண்டரை ரசித்துக்கொண்டிருந்தார். மீரிமின் கணவன் குபாத் ஜன்னலோரம். நான் இஞ்சி கேட்கப் போனவள். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன்.

மீரிம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இங்கே விருந்தாளிக்குக் கோப்பையில் பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்ற வேண்டும். குறைய ஊற்றினால் இன்னும் இருங்கள் என்று பொருள். நிறைய ஊற்றினால் கிளம்புங்கள் என்று பொருள். மீரிம் கை பாட்டுக்கு ஊற்றி, விளிம்புவரை வந்துவிட்டது.

தெமிர் கோப்பையைப் பார்த்தார். "என்ன கேலின், எந்திரிச்சுப் போகச் சொல்றியா?"

[கேலின் என்றால் இந்த வீட்டுக்கு வந்த மருமகள். அவள் அவரைக் கூப்பிடும் பைக்கே என்றால் அண்ணன்.]

"ஐயோ இல்ல பைக்கே. கை தவறிடுச்சு." வேறு கோப்பை எடுத்தாள்.

"படம் எப்போ காட்டப்போற?"

"படம் இல்ல. அந்தத் தட்டுங்களை வேற வேலைக்கு எடுத்துட்டேன்."

"அந்தப் பக்கம் கொச்கோர் ஊரு வரைக்கும் சொல்லி வச்சிருக்கேனே. என் நெஞ்சுக்குள்ள இருந்தது டிவியில வரும்னு."

"டிவின்னு நான் எப்போ சொன்னேன்?"

"நீ படம்னுதான் சொன்ன. டிவி நான் போட்டுக்கிட்டது." அவரே சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. காத்திருந்து, பேசினார். "சரி, படம் போகட்டும். சோதனை எப்போ முடியும்? லாரிக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

இதற்குப் பதில் அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பார்க்கலாம். குபாத் அதைச் சொல்ல வாயெடுத்ததை நான் பார்த்தேன்.

மீரிம் முந்திக்கொண்டாள். மருமகள் பெரியவர் முகத்தைப் பார்த்துப் பேசுவது வழக்கமில்லை; அவள் தேநீர்க் கெண்டியைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை.

"பைக்கே, நான் நெனச்சது சரின்னு அது முடியலாம். தப்புன்னு முடியலாம். மருந்து உங்க செல்லைக் கொன்னுபோட்டதுன்னும் முடியலாம்."

"ம்."

"எப்படி முடிஞ்சாலும் இந்தக் கோடைக்கு உங்களுக்கு அதுல ஒண்ணுமில்ல. சரின்னே வந்தாலும் அது தட்டுல இருக்குற செல்லுக்கு. மனுஷனுக்கு மருந்தாக வருஷக்கணக்காகும். அதுக்காகக் காத்திருக்காதீங்க."

"அப்போ மேல போலாமா, கூடாதா?"

"கூடாது. போனா செத்துப்போவீங்க."

"மீரிம்," என்றான் குபாத். அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. வாசலில் யாரோ வந்துவிட்டதுபோல ஒரு குரல்.

தெமிர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "டாக்டரு இப்படிச் சொல்லலியே."

"அவரு மரியாதையாச் சொன்னாரு."

"நீ?"

"நான் உங்க வீட்டுப் பொண்ணு."

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். என் பிரதியில் கோப்பை பறக்கத் தயாராக இருந்தது. பறக்கவில்லை. கடைசியில் அவர் தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

"குதிரைங்களை யாரு பாக்குறது?"

அந்த வீட்டில் அந்தக் கேள்வி அதுவரை வந்ததே இல்லை. வர வழியில்லை, அதற்கு முன்னால் வர வேண்டிய வாக்கியத்தை யாரும் சொல்லியிருக்கவில்லை. குபாத் ஜன்னலை விட்டு வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான். யார் போகலாம், யாருக்கு விடுமுறை, எந்தக் குதிரை யார் பேச்சைக் கேட்கும் என்று பேச ஆரம்பித்தார்கள். இடையிடையே தெமிர், "நான் போகலேன்னு இன்னும் சொல்லலை" என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இஞ்சி வாங்கிக்கொள்ளாமலே கீழே இறங்கினேன்.

மறுநாள் கூடத்தில் எர்மெக் சும்மா விடவில்லை. "செத்துருவாருன்னு அடிச்சுச் சொல்லியிருக்க. ஒப்பிட்டுப் பாக்க எந்தத் தட்டும்மா வச்சிருந்த?"

"அதுவும் கருதுகோள்தான்," என்றாள் மீரிம். "தப்புன்னு நிரூபிக்க ஒரே ஒரு சோதனைதான் இருக்கு. அதை நான் செய்யவிட மாட்டேன்."

8

முடிவுகள்.

முதல் முடிவு: பெருகும் செல்கள் குறைகின்றன, செத்தவை கூடவில்லை. மீரிம் சொன்னது சரி. எர்மெக் போர்சோக் கொண்டுவருகிறான், இந்தத் தடவை இரண்டு டப்பா.

இரண்டாம் முடிவு: மருந்து போட்டும் பெருகுகின்றன. கதவு வேறு, தடிப்பு வேறு. மீரிம் தானே எழுதிய வரியைத் தானே படித்துக் கையெழுத்துப் போடுகிறாள்.

மூன்றாம் முடிவு: நீலம், எங்கும் நீலம்.

நான்காம் முடிவு: பூஞ்சை. எஜே, "நான் அப்பவே—" [வேண்டாம். இதை ஒரு வாசகரும் மன்னிக்க மாட்டார்.]

இவற்றில் ஒன்று நடந்தது. சோதனை முடிந்துவிட்டது, எது என்று எனக்குத் தெரியும். ஆசிரியர் இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டார். சொல்லப்போவதில்லை. கதையில் பூடகம் வேண்டுமென்று அல்ல. எது என்று சொன்ன அந்தக் கணமே நீங்கள் திரும்பிப்போய் அந்தச் சமையலறைக்கு மார்க் போடுவீர்கள். முதல் முடிவு என்றால், "பாவம், அவசரப்பட்டு மனுஷரை நோகடித்துவிட்டாளே" என்பீர்கள். இரண்டாவது என்றால், "நல்ல வேளை, முன்னாலேயே சொன்னாள்" என்பீர்கள். இரண்டும் தப்பு. அவள் சொன்னது தட்டுகள் இன்குபேட்டருக்குள் போவதற்கு முன்பே சரியாக இருந்தது. திட்டம் சரியா என்பதற்கு விடையைக் கேட்க வேண்டியதில்லை.

உங்களிடம் நான் விட்டுப்போவது வேறொன்று.

மே மாதக் கடைசி. சூசாமிரில் தெமிர் வீட்டு வாசலில் லாரி. குதிரைகள் முந்தியே கிளம்பிவிட்டன. குபாத் அவற்றோடு போயிருக்கிறான், சேணத்தில் உட்கார்ந்து பல வருஷம் ஆனவன். கூடாரக் கம்பளம், அடுப்பு, மாவு மூட்டை எல்லாம் ஏறியாகிவிட்டது. ஓட்டுநர் எஞ்சினை அணைக்கவில்லை. அவருக்குப் பக்கத்து இருக்கை காலி. தெமிர் தொப்பியை வைத்துக்கொண்டு வந்து லாரிக் கதவைப் பிடித்தபடி நிற்கிறார். தம்பிக்கு மூட்டைகளைச் சரிபார்த்துக் கொடுக்க வந்தவராகவும் இருக்கலாம்.

அவரை ஏற்றுவதும் இறக்குவதும் உங்கள் கையில். நான் தடுக்க மாட்டேன். இறக்கிவிட்டால், மலையைப் பார்த்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் கோடை முழுவதையும் நீங்கள் எழுதியாக வேண்டும். அது சின்ன வேலை அல்ல. ஏற்றிவிட்டால், மேலே நடந்ததை எழுத வேண்டும். எழுதும்போது, பெயர் சொல்லாமல், "அது நடந்துவிட்டது" என்று மட்டும் முடிக்காதீர்கள்.